எடை எங்கே நிற்கிறது? ஆளைப் பார்த்து வரையப் பழகும் முறை

மனித உருவம் வரையப் பழக நினைக்கும் பெரும்பாலானவர்கள் கண்ணில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், நான் எதிரில் உட்கார்ந்து அவருடைய மூக்குக்கண்ணாடி, மீசை, நெற்றிச் சுருக்கம் என்று அரை மணி நேரம் வரைந்தேன். முகம் நன்றாகவே வந்தது. கழுத்துக்குக் கீழே இறங்கியபோது தாள் முழங்காலோடு முடிந்துவிட்டது. இடம் போதாமல் போனதுகூடப் பெரிய விஷயம் இல்லை, படத்தில் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை, அதற்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தார். எதிரில் இருந்தவரோ உடம்பின் மொத்தப் பாரத்தையும் இடது இடுப்பில் இறக்கி, இடது முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றி, நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்போடு ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். அந்தச் சாய்வில்தான் அவர் இருந்தார், நான் அதைப் பார்க்காமலே அரை மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கு அப்புறம் வரையும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். ஆளை வரைவதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் இன்றும் ஒன்றுதான் சொல்வேன்: பென்சிலை எடுக்கும் முன் இவருடைய எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று பாருங்கள். நிற்கிறார் என்றால் எந்தக் காலில் நிற்கிறார்? உட்கார்ந்திருக்கிறார் என்றால் இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்திருக்கிறதா, முதுகு எதிலாவது சாய்ந்திருக்கிறதா, கையை எங்கே ஊன்றியிருக்கிறார்? இதற்குப் பதில் தெரிந்தபின் போடுகிற முதல் கோடு வேறு மாதிரி இருக்கும். ஜாடை வராவிட்டாலும் ஆள் நிற்பார். ஜாடை வந்து ஆள் நிற்காத படத்தை எவ்வளவு ஷேடிங் போட்டாலும் தேற்ற முடியாது.

போட்டோவைப் பார்த்து வரைந்தால் ஆகாதா என்று கேட்பார்கள். வரையலாம், ஆனால் அதில் கற்றுக்கொள்வது குறைவு. கனமுள்ள உடம்பைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவருவதுதான் நீங்கள் பழக வேண்டிய வேலை, கேமரா அதை முன்கூட்டியே செய்து கையில் கொடுத்துவிடுகிறது. அதோடு கிட்டத்தில் நின்று போனில் எடுத்த படத்தில் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் முழங்காலோ கையோ அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும், நிழல் விழுந்த இடம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும், நீங்களும் அதை நம்பி அப்படியே வரைந்துவிடுவீர்கள். நேரில் இருப்பவரை இரண்டு கண்ணால் பார்க்கிறீர்கள். தலையை ஒரு சாண் நகர்த்தினால் தோளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. அவர் மூச்சு விடுகிறார், பத்து நிமிடத்தில் தோள் மெல்ல இறங்குகிறது, ஊன்றிய கால் களைத்துப் போய் எடை அடுத்த காலுக்கு மாறப் பார்க்கிறது. எடை என்றால் என்ன என்பதை இப்படிக் கண்ணெதிரே நடக்கும்போதுதான் புரிந்துகொள்ள முடியும்.

யாரை வரைவது

மாடல், அதாவது வரைவதற்காக அசையாமல் நிற்கும் ஆள், வைத்து நடத்தும் வகுப்பு பக்கத்தில் இருந்தால் போங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். வீட்டில் தூங்குகிறவர்கள், போனில் மூழ்கியிருப்பவர்கள், டிவி பார்ப்பவர்கள் எல்லோருமே நல்ல மாடல்கள்தான். யாரும் இல்லையென்றால் உங்கள் இடது கையும் கண்ணாடியும் இருக்கின்றன. வெளியே போனால் காத்திருக்கும் மனிதர்கள் எங்கும் உண்டு: ரயிலில், நூலகத்தில், மருத்துவமனை வராந்தாவில். வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள், எடையைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் கால் மாற்றிவிடுவார்கள்.

ஆள் அசைந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அதே பக்கத்தில் புதிதாக இன்னொன்றை ஆரம்பியுங்கள். மனிதர்களுக்குப் பழகிப்போன நிலைகள் இரண்டு மூன்றுதான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பி வருவார்கள், நீங்களும் முதல் படத்துக்குத் திரும்பலாம். ஒரே பக்கத்தில் அரைகுறையாக நான்கைந்து உருவம் இருப்பது நல்ல பழக்கம்.

முன்பின் தெரியாதவர்களை வரையும்போது ஒரு மரியாதை வேண்டும். அவர் கவனித்துவிட்டு நெளிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள், மறைத்தால்தான் சந்தேகம் வரும். குழந்தைகளை என்றால் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரையுங்கள்.

தாளும் கரியும்

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். வீட்டுக்குப் பெரிய தாள், குறைந்தது ஏ3, முடிந்தால் ஏ2. வெளியே எடுத்துப்போக எந்த நோட்டானாலும் சரி. பெரிய தாளில் கை தோளிலிருந்து அசையும், சின்னத் தாளில் விரல் மட்டும்தான் அசையும், நீளமான ஒரே வளைவை விரலால் போட முடியாது. தாள் மலிவாக இருப்பது முக்கியம், ஏனென்றால் நிறைய வீணாகப் போகிறது, நல்ல தாள் என்றால் கை தயங்கும். செய்தித்தாள் அச்சடிக்கிற நியூஸ்பிரிண்ட் போதும்.

கரித்துண்டு, அதாவது மெல்லிய குச்சியைச் சுட்டுச் செய்த சார்க்கோல், எனக்கு மிகவும் பிடித்தது. துணியால் தட்டினால் போய்விடும் என்பதால் தப்பாகப் போடப் பயம் இருக்காது. பென்சில்தான் கைக்கு வருகிறது என்றால் 2பி-யிலிருந்து 6பி வரை ஏதாவது. எழுதுவதுபோல நுனியில் பிடிக்காமல் பின்னால் தள்ளி, படுக்கைவசமாகப் பிடியுங்கள். ரப்பரை முதல் பத்து நிமிடம் தொடவே வேண்டாம். தப்பான கோடு அங்கேயே இருக்கட்டும், அது இருந்தால்தான் சரியான கோடு எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று தெரியும்.

பலகையை மடியில் படுக்க வைக்காமல் முடிந்தவரை நிமிர்த்தி வையுங்கள். தாள் படுத்திருந்தால் அதன் மேல்பாதி கண்ணுக்குக் குறுகித் தெரியும், அதை ஈடுகட்ட உங்களை அறியாமலே நீட்டிப் போட்டுவிடுவீர்கள், எடுத்து நிமிர்த்திப் பார்த்தால் உருவம் இழுபட்டிருக்கும். ஆளுக்கும் உங்களுக்கும் இடையே அவருடைய உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தூரம் இருக்கட்டும். ரொம்பக் கிட்டத்தில் உட்கார்ந்தால் முகத்தை நேராகவும் பாதத்தை மேலிருந்தும் பார்ப்பீர்கள், அந்த இரண்டையும் ஒரே படத்தில் சேர்ப்பது ஆரம்பத்தில் கஷ்டம்.

முதல் கோடு

இனி விஷயத்துக்கு வருவோம். முதலில் நீங்களே எழுந்து நில்லுங்கள். எடை முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோய் இடது முழங்காலைத் தளர விடுங்கள். இப்போது இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வையுங்கள். வலது கை உயர்ந்திருக்கும், இடது கை தாழ்ந்திருக்கும், ஏனென்றால் ஊன்றிய கால் அந்தப் பக்க இடுப்பை மேலே தள்ளுகிறது. அப்படியே சரிந்தால் விழுந்துவிடுவோம் என்று உடம்புக்குத் தெரியும், அதனால் வலது தோள் தானாகக் கொஞ்சம் இறங்கும். இடுப்புக்கோடு ஒரு பக்கம் சாய, தோள்கோடு எதிர்ப்பக்கம் சாய, நடுவில் முதுகெலும்பு வளைந்து இரண்டையும் சமன் செய்கிறது. இதை உங்கள் உடம்பிலேயே ஒருமுறை உணர்ந்துவிட்டால் நூறு படத்தில் பார்த்ததற்குச் சமம்.

கிரேக்கச் சிற்பி பாலிக்லெய்ட்டஸ் கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் செய்த ஈட்டி ஏந்திய வீரன் சிலையில் இந்த நிலை அச்சு அசலாக இருக்கிறது. அவர் செய்த வெண்கலச் சிலை போய்விட்டது, ரோமானியர்கள் பளிங்கில் எடுத்த பிரதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நம் சிற்பிகள் இதே சாய்வை இன்னும் ஒரு படி கொண்டுபோய், தலை ஒரு பக்கம், உடல் எதிர்ப்பக்கம், இடுப்புக்குக் கீழே மறுபடி முதல் பக்கம் என்று மூன்று வளைவாக்கித் திரிபங்கம் என்று பெயரும் வைத்தார்கள். வெண்கலச் சிலை ஒன்று கையில் கிடைத்தால், அல்லது அருங்காட்சியகத்தில் எதிரில் நிற்க முடிந்தால், அதையும் வரையுங்கள். எவ்வளவு நேரமானாலும் அசையாது.

சரி, தாளுக்குப் போவோம். ஆள் நிற்கிறார். முதல் கோடு உச்சந்தலையில் ஆரம்பித்து, கழுத்து வழியாக இறங்கி, முதுகெலும்பின் வளைவோடு இடுப்பைக் கடந்து, ஊன்றிய காலின் பாதத்தில் போய் முடிய வேண்டும். ஒரே மூச்சில், அவுட்லைனைப் பற்றி நினைக்காமல். இரண்டாவது கோடு தோள்களின் சாய்வு. மூன்றாவது இடுப்பின் சாய்வு. நான்காவது தளர்ந்த கால். அப்புறம் கைகள், கையும் தோளும் சேர்ந்த ஒரு வளைவாக. தலைக்கு ஒரு முட்டை, அது எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது என்பதோடு சேர்த்து. முப்பது விநாடியில் இவ்வளவும் போட்டுவிடலாம், முதல் நாள் முடியாது, பத்தாவது நாள் முடியும்.

இதை ஜெஸ்சர் என்பார்கள். 30 விநாடியில் பத்து, 1 நிமிடத்தில் பத்து, 2 நிமிடத்தில் ஐந்து என்று டைமர் வைத்துக்கொண்டு போடுங்கள். நேரம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: முப்பது விநாடியில் இமையையும் பொத்தானையும் வரைய முடியாது, அதனால் கண் வேறு வழியில்லாமல் மொத்த உடம்பைப் பார்க்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் தன் கடைசிக் காலத்தில் மாடல்களை நடமாட விட்டு, தாளைப் பார்க்காமலே, கண்ணை அவர்கள் மேலேயே வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். நீங்களும் வாரத்தில் ஒரு நாள் அப்படிச் செய்து பாருங்கள். கோடுகள் ஒன்றோடொன்று சேராது, ஆனால் வளைவுகளில் ஓர் உண்மை இருக்கும், அது நிதானமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கோட்டில் வருவதில்லை.

நிற்கிறாரா இல்லையா என்று சரிபார்க்க ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்க விடுங்கள். கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டு மாதிரிதான். ஒரு கண்ணை மூடி, நூலைத் தொண்டைக்குழியில் பிடித்தால், ஒரே காலில் எடை போட்டு நிற்பவருக்கு அது ஊன்றிய பாதத்தின் பக்கத்திலோ அதன் மேலேயோ வந்து நிற்கும். இரண்டு காலிலும் சமமாக நிற்பவருக்கு இரண்டு பாதத்துக்கும் நடுவில். உங்கள் படத்திலும் தொண்டைக்குழியிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு இறக்கிப் பாருங்கள். அது பாதத்தை விட்டு வெளியே போனால், ஆள் எதிலும் சாய்ந்திருக்கவும் இல்லை என்றால், உங்கள் படத்தில் அவர் விழுந்துகொண்டிருக்கிறார். ஷேடிங் போடும் முன் இதைத் திருத்திவிடுங்கள்.

உட்கார்ந்திருப்பவருக்கு எடை பிரிந்து போகிறது. பெரும்பகுதி இருக்கையில், கொஞ்சம் முதுகுச் சாய்வில், கொஞ்சம் கைப்பிடியில், மிச்சம் பாதத்தில். எடை இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் சதை அழுந்தி அகலும், துணி இறுகும், அடியில் மெத்தை இருந்தால் அதுவும் பள்ளமாகும். அப்பாவை மறுபடி வரைந்தபோது நான் முதலில் போட்டது கைப்பிடியில் முழங்கை பதிந்த இடம். அங்கே கோட்டை அழுத்திப் போட்டேன், முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறும் கோடு நிமிர்ந்து நின்றது, தோள் காதுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்தது, தலை அந்தத் தோள் பக்கமே சரிந்தது. செய்தித்தாள் வெறும் சதுரம். முகத்தில் மூக்குக்கண்ணாடியின் கோடு மட்டும். பார்த்த அம்மா, முகமே இல்லாத அந்தப் படத்தை அப்பா என்று உடனே சொல்லிவிட்டாள்.

அளப்பது

ஜெஸ்சர் பிடிபட்ட பிறகுதான் அளவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள், அளந்து ஆரம்பித்தால் உருவம் விறைத்துவிடும்.

கையை முழுசாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியை ஆளின் உச்சந்தலைக்கு நேராக வைத்து, கட்டைவிரலை நகர்த்தி மோவாயில் நிறுத்துங்கள். இது ஒரு தலை. அந்த அளவை அப்படியே கீழே இறக்கிக்கொண்டே போய் மொத்தம் எத்தனை தலை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் கை முழு நீளத்துக்கு நீண்டிருக்க வேண்டும், பென்சில் ஆளை நோக்கிச் சாயக் கூடாது, இதில் ஒன்று தவறினாலும் அளவு மாறிவிடும். இதே பென்சிலைத் தோளின் சாய்வோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் தாளுக்குக் கொண்டுவந்தால் கோணமும் கிடைக்கும். எனக்கு நீளத்தைவிடக் கோணம் அதிகம் உதவுகிறது.

வளர்ந்தவர்கள் சராசரியாக ஏழு முதல் ஏழரைத் தலை உயரம் இருப்பார்கள். எட்டுத் தலை என்று சொல்வது அழகுக்காக நீட்டிய அளவு. லியோனார்டோ சுமார் 1490இல் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் வரைந்த மனிதன் எட்டுத் தலைக் கணக்குத்தான், விரித்த கைகளின் நீளமும் உயரமும் சமம் என்பதையும் அதில் காட்டியிருக்கிறார். ஒரு வயதுக் குழந்தை சுமார் நான்கு தலைதான். குழந்தையைப் பெரியவர்களின் அளவில் வரைந்தால் குட்டி மனிதனாகத் தெரிவது இதனால்தான்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. நிற்கும் உடம்பின் நடு தொப்புளில் இல்லை, அதைவிடக் கீழே, தொடைகள் பிரியும் இடத்தின் உயரத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே கால்கள் குட்டையாகப் போவது நின்றுவிடும். கையைத் தொங்க விட்டால் முழங்கை இடை உயரத்திலும், மணிக்கட்டு தொடை பிரியும் உயரத்திலும், விரல் நுனி தொடையின் நடுவிலும் வரும். கையை விரித்து முகத்தில் வைத்தால் மோவாயிலிருந்து நெற்றி முடி வரை மூடும், ஆனால் எல்லோரும் கையைச் சின்னதாகத்தான் வரைகிறார்கள். பாதத்தையும் அப்படித்தான், அது கிட்டத்தட்ட முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளம். கண்கள் தலையின் சரிபாதியில் இருக்கின்றன, நெற்றிக்குப் பக்கத்தில் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் மண்டையின் பின்பகுதி நாம் நினைப்பதைவிட நிறையப் பின்னால் போகிறது. கழுத்து செங்குத்தாக ஏறுவதில்லை, தோளிலிருந்து முன்னால் சாய்ந்து ஏறுகிறது.

இதெல்லாம் சரிபார்க்க மட்டும்தான். எதிரில் இருக்கும் மனிதருக்குக் கால் குட்டை என்றால் குட்டையாகவே வரையுங்கள். விதிக்கும் கண்ணுக்கும் சண்டை வந்தால் இன்னொரு முறை அளந்து பாருங்கள், அப்புறமும் கண் அதையே சொன்னால் கண்ணை நம்புங்கள்.

உள்ளே இருக்கும் முட்டையும் பெட்டியும்

உடம்பில் மடங்காத பெரிய பொருள்கள் மூன்று: மண்டை, விலாக்கூடு, இடுப்பெலும்பு. மற்றதெல்லாம் இவற்றை இணைப்பவை. விலாக்கூட்டை ஒரு முட்டையாகவும் இடுப்பை ஒரு பெட்டியாகவும் நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் மெத்தென்ற இடம். ஆள் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் முட்டையும் பெட்டியும் நெருங்கி நடுவில் சதை மடிப்பு விழும், எதிர்ப்பக்கம் நீண்டு இழுபடும். ஒரு பக்கம் மடிப்பு, ஒரு பக்கம் இழுப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைத்துப் போட்டால் ஆள் காற்றடைத்த பொம்மையாகிவிடுவார்.

எலும்பு எங்கே தோலுக்குக் கிட்டத்தில் வருகிறது என்று பழகிக்கொள்வது தசைகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிடப் பயன்படும். தொண்டைக்குழி, அதன் இரு பக்கமும் ஓடும் காறை எலும்பு, தோளின் நுனி, குனிந்தால் பிடரியில் துருத்தும் முள்ளெலும்பு, முன் இடுப்பின் இரண்டு முனைகள், முழங்கை, மணிக்கட்டின் வெளிமுண்டு, முழங்கால் சில்லு, கணுக்கால். ஒல்லியானவரோ பருமனானவரோ, ஏறக்குறைய எல்லோரிடமும் இவற்றைக் கண்டுபிடிக்கலாம், பருமனானவர்களிடம் சில இடங்கள் மேடாக இல்லாமல் குழியாகத் தெரியும். இந்தப் புள்ளிகளை முதலில் லேசாகக் குறித்துவிட்டு அப்புறம் இணையுங்கள்.

முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கெண்டைக்காலின் வெளிப்பக்க மேடு உயரத்தில் இருக்கிறது, உட்பக்க மேடு அதைவிடக் கீழே இறங்கி நிற்கிறது. கணுக்காலில் இது தலைகீழ்: உட்பக்க முண்டு மேலே, வெளிப்பக்க முண்டு கீழே. இரண்டு சாய்கோடுகள் எதிரெதிர்த் திசையில். இதைக் கவனிக்காமல் இரண்டு பக்கமும் சமமாகப் போட்ட கால் மேசைக்கால் மாதிரி இருக்கும். கவனித்துப் போட்டால் அதே கால் எடையைத் தாங்க ஆரம்பித்துவிடும்.

ஆள் உங்களை நோக்கிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் அளவெல்லாம் உடைந்துபோகும். தொடை ஒரு கைப்பிடி நீளம்தான் தெரியும், பாதம் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும், மனசு ஒத்துக்கொள்ளாது, தொடை என்றால் நீளம் என்று அது அடம்பிடிக்கும். அப்போது தொடை என்ற பெயரையே மறந்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள காலி இடத்தை வரையுங்கள். நாற்காலிக்கும் காலுக்கும் நடுவில் தெரியும் சுவர்த் துண்டு முக்கோணமா, கையும் இடுப்பும் சேர்ந்து அடைத்திருக்கும் இடைவெளி எப்படி இருக்கிறது? காலி இடத்தைப் பற்றி மனசுக்கு முன்முடிவு எதுவும் கிடையாது, அதனால் உள்ளபடி வந்துவிடும், அதை வரைந்து முடித்தால் காலும் வந்திருக்கும்.

கைகளுக்குத் தனியாகப் பல மாதம் போகும். இப்போதைக்கு உள்ளங்கை ஒரு தட்டை, விரல்கள் நான்கும் சேர்ந்து ஒரு தட்டை, கட்டைவிரல் தனி, அவ்வளவு போதும். விரல் முட்டிகள் நேர்கோட்டில் இல்லாமல் வில்லாக வளைந்து நிற்பதை மட்டும் தவற விடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில் கொஞ்சம் மேலே. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான சாயல்கள் மறைந்து, வெளிச்சம், நிழல் என்று இரண்டு பகுதிதான் தெரியும். நிழல் பகுதியை முழுக்க ஒரே சாயலில் நிரப்புங்கள், வெளிச்சத்தைத் தாளாகவே விடுங்கள். இதைச் சில மாதம் செய்த பிறகு நடுச் சாயல்களுக்குப் போனால் போதும்.

மாடல் வகுப்புக்குப் போனால்

இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து உயிருள்ள உடம்பைப் பார்த்து வரையும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. லண்டனில் 1768இல் ராயல் அகாடமி என்ற கலைக் கழகம் தொடங்கியபோது ஏஞ்சலிக்கா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் அதை நிறுவிய உறுப்பினர்களாக இருந்தார்கள். ஆனால் ஆண் மாடலை வைத்து வரையும் அறையில் உறுப்பினர்கள் கூடியிருப்பதாக சோஃபனி தீட்டிய ஓவியத்தில் அந்த இருவரும் சுவரில் மாட்டிய படங்களாகத்தான் இருக்கிறார்கள், பெண்கள் அந்த அறைக்குள் வருவது தகாது என்று கருதிய காலம் அது. இதை நினைக்கும்போதெல்லாம், கிடைத்த இருபது நிமிடத்தை வீணாக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

வகுப்பில் வழக்கமாகச் சின்ன போஸ்களில் ஆரம்பித்து ஐந்து, பத்து, இருபது நிமிடம் என்று நீட்டிக்கொண்டு போவார்கள். நீண்ட போஸ் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை, திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பதற்காகப் பாதத்தைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வைப்பார்கள். மாடலைத் தொடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, அவருடைய உடம்பைப் பற்றி அவர் காதுபட விமர்சனம் எதுவும் கூடாது. நிலையை மாற்றச் சொல்ல வேண்டுமானால் வகுப்பை நடத்துபவர் மூலமாகச் சொல்லுங்கள். மாடல் அசையாமல் நிற்பது பெரிய உழைப்பு, ஐந்து நிமிடம் கையைத் தூக்கி நின்று பார்த்தால் தெரிந்துவிடும். சுசான் வாலடோன் ரெனுவாருக்கும் துலூஸ் லோத்ரெக்குக்கும் மாடலாக நின்றவர், பிறகு தானே ஓவியராகி மனித உடம்பை அழுத்தமான கோட்டில் வரைந்து பெயர் வாங்கினார். ஒரு நிலையில் நிற்பது உடம்பில் எங்கே வலிக்கும் என்பது தெரிந்தவர் போட்ட கோடு அது என்று அவர் படங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இடைவேளையில் போனை எடுக்காமல் எழுந்துபோய் உங்கள் படத்தைப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தில் தெரியாத தப்பு அங்கே தெரியும். கண்ணாடியில் காட்டிப் பார்த்தாலும் தெரியும், இடம் வலமாக மாறும்போது கண்ணுக்கு அது புதுப்படம்.

வீட்டில் பழகுகிறவர்கள் தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் என்று சேர்த்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தாளிலும் தேதியும் எடுத்த நிமிடமும் எழுதி வையுங்கள், கிழிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எங்கே முன்னேறியிருக்கிறீர்கள், எந்தத் தப்பை விடாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். எனக்குத் தலை எப்போதும் பெரிதாகப் போகும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன், இப்போது முதலிலேயே தலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிடுகிறேன்.

கடைசியாகப் பாதம். நேரம் முடியப்போகிறது என்றால் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்துக்குப் போங்கள். விரல்களை வரைய வேண்டாம், ஆப்பு மாதிரி ஒரு வடிவம் போதும், குதிகால் எங்கே பதிந்திருக்கிறது, முன்பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிந்தால் சரி. அப்புறம் ஊன்றிய பாதத்துக்கு அடியில், பாதம் தரையைத் தொடும் இடத்தில், கரியை அழுத்தி ஒரு சின்னக் கறுப்புக் கோடு. தளர்ந்த பாதத்துக்கு அதே கோடு மெல்லியதாக. அங்கிருந்து நிழலை விளக்குக்கு எதிர்த்திசையில் துணியால் ஓர் இழுப்பு இழுத்துவிடுங்கள். இப்போது தாளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள், அவர் காலுக்குக் கீழே தரை வந்திருக்கும்.